குறை: வெளிச் சத்தம், நிழல்

தில்லைநாயகம் ஒரு நாளைக்கு ஒரு ஷாட் எடுப்பான். மழையானாலும் எடுப்பான், காய்ச்சல் அடித்தாலும் எடுப்பான். வெள்ளம் வந்து ஊரே வீட்டுக்குள் அடைந்து கிடந்தபோது மொட்டை மாடியில் நின்று, மிதந்து போன ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்தான். இப்படியே ஆறு வருஷம், இரண்டாயிரத்து நூற்றுச் சொச்சம் ஷாட். எடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை, எடுத்ததைக் காட்டச் சொல்லியும் யாரும் கேட்கவில்லை. யாரும் கேட்காத ஒரு காரியத்தை ஒருத்தன் இவ்வளவு ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தால் ஊர் அவனைக் கிறுக்கன் என்று சொல்லும். சொல்லத்தான் செய்தது.

அவனுக்கு நாற்பத்தோரு வயது. அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் ஆய்வக உதவியாளர். குடுவை கழுவுவது, அமிலப் புட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுவது, பிள்ளைகள் உடைத்த சோதனைக் குழாய்களை எண்ணுவது, இதுதான் வேலை. சினிமா எடுக்க வேண்டும் என்பது ஆசை. சென்னைக்குப் போய் எவர் வாசலிலும் நிற்க அவனுக்குத் தெம்பில்லை. தானாகவே கற்றுக்கொள்வது என்று முடிவு கட்டினான். முடிவு கட்டியதோடு நிற்காமல் செய்தும் காட்டினான், அதுதான் அவனிடம் உள்ள விசேஷம்.

சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு பயிற்சி. கை நடுக்கம் போக, தம்ளர் நிறையத் தண்ணீரை ஏந்திக்கொண்டு அடிபம்பிலிருந்து பின்சுவர் வரை நடப்பான். ஒரு சொட்டு சிந்தினால் முதலிலிருந்து நடக்க வேண்டும். ஆறு மாதம் நடந்தான். கேமராவை ஒரே சீராக நகர்த்தக் கைவர வேண்டும் என்று பத்தமடைப் பாய் ஒன்றைச் சுவரில் அறைந்து, அதிலுள்ள சிவப்புக் கோட்டின் மேலேயே கேமராவின் கண்ணை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஓட்டுவான். நல்ல படம் ஏதாவது கிடைத்தால் சத்தத்தை அணைத்துவிட்டுப் பத்துத் தடவை பார்ப்பான். எங்கே வெட்டியிருக்கிறார்கள், ஏன் வெட்டியிருக்கிறார்கள் என்று விரல் விட்டு எண்ணுவான்.

எல்லாவற்றுக்கும் ஒரு நோட்டு உண்டு. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வைத்திருக்கிற அதே ரெக்கார்டு நோட்டு. ஸ்கேல் வைத்துக் கட்டம் போட்டிருப்பான். எண், தேதி, பொருள், வெளிச்சம், குறை. 'குறை' என்று ஒரு கட்டம் போடத் தெரிந்தவனுக்கு 'நிறை' என்று ஒன்று போடத் தோன்றவே இல்லை, பாருங்கள். ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஏதாவது ஒரு குறை எழுதியிருப்பான். 'லேசான ஆட்டம்.' 'வலது ஓரம் வெளுத்துவிட்டது.' 'காகம்.'

ஒரு காலத்தில் இந்த வீட்டில் இன்னொரு ஆளும் இருந்தாள். சுகன்யா. அவன் மனைவி, மாமன் மகளும்கூட. ஆரம்பத்தில் அவள்தான் அவனுக்கு நடிகை, உதவியாள், ரசிகை எல்லாம். ஒரு தோசை ஊற்றுவதைப் பதினான்கு தடவை எடுத்தான். பதினான்கு தோசையையும் இரண்டு பேருமாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டியிருந்தது. "அத்தான், உங்க படம் வெளியே வாரதுக்குள்ள நான் குண்டாயிருவேன்" என்று சிரித்தாள். அப்படிச் சிரித்த பிள்ளைதான்.

பைய அந்தச் சிரிப்பு குறைந்தது. அவன் கவனிக்கவில்லை. கல்யாண நாளுக்குத் திருச்செந்தூர் போனார்கள். சாமி கும்பிட்டுவிட்டுக் கடற்கரைக்கு வந்தவன், ஒரு அலை உடைகிற கணத்தைப் பிடிப்பதற்காக மூன்று மணி நேரம் தண்ணீரில் நின்றான். அவள் இலைவிபூதிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு மணலில் தனியாக உட்கார்ந்திருந்தாள். பஸ் ஏறும்போது, "அலை கிடைச்சுதா?" என்று கேட்டாள். "கிடைச்சுது, ஆனா லேசா சாஞ்சிட்டு" என்றான். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் காலையில், அம்மா வீட்டில் இரண்டு நாள் இருந்துவிட்டு வருவதாகத் திருச்செந்தூருக்குக் கிளம்பிப் போனாள். போனவள் வரவில்லை. ஒரு வாரம் கழித்துப் போனில், "நான் இனி அங்கன வரலை அத்தான்" என்றாள். ஏன் என்று கேட்டால், "ஒண்ணுமில்ல" என்றாள். ஒன்றுமில்லாததற்கா ஒருத்தி போவாள்? பெரியவர்கள் பேசிப் பார்த்தார்கள். பலிக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுப் பிரிந்தார்கள்.

"நான் அவளுக்கு என்ன குறை வெச்சேன்?" என்று தில்லைநாயகம் பார்த்தவரிடமெல்லாம் கேட்டான். குடி கிடையாது, பீடி கிடையாது, கை ஓங்கியது கிடையாது. "கிளம்பும்போதுகூட வாரேன்னுட்டுத்தான் போனா" என்பான். ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லித்தான் முடிப்பான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருஷம் வாசலைப் பார்த்திருந்தான். போன ஆவணியில் அவளுக்குத் தூத்துக்குடிப் பக்கம் மறுகல்யாணம் ஆனது என்று தெரிந்த பிறகுதான் பார்ப்பதை நிறுத்தினான். ஷாட் எடுப்பதை மட்டும் நிறுத்தவில்லை.

ஆளில்லாத வீட்டில் ஒருத்தன் எதை எடுப்பான்? குழாயிலிருந்து சொட்டும் தண்ணீர். குறுக்குத்துறைப் படித்துறையில் யாரோ மறந்துவிட்டுப் போன சோப்புப் பெட்டி. காலி பெஞ்சு. கொதிக்கிற உலை. சாயங்காலம் வேலை முடிந்து வந்து, ஒரு ஆளுக்கு மட்டும் சோறு பொங்கி, அன்றைய ஷாட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவான். வீட்டில் கேட்கிற மனுஷக் குரல் எல்லாம் அவனுடைய இருமல் ஒன்றுதான்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் எடுக்கிற கிறிஸ்டி டீச்சரிடம் ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு இருபது ஷாட்டைக் காட்டினான். அவர் நல்ல மனுஷி, போனைத் தள்ளி வைத்துவிட்டு முழுதும் பார்த்தார். "எல்லாம் அழகா இருக்கு சார். ஆனா எதுலயும் ஆளைக் காணுமே?" என்றார். அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். இவனுக்கு அது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அன்றைக்கு இரவுச் சோறு இறங்கவில்லை.

அதனால்தான் ஒரு கதை எழுதினான். எட்டு நிமிஷப் படம். ஒரு பெண் காலையில் எழுந்து, வீட்டைப் பெருக்கி, அடுப்பைத் துடைத்து, பையை எடுத்துக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறாள். அவ்வளவுதான். யார் கதை என்று உங்களுக்கும் தெரிகிறது, அவனுக்கும் தெரியும். நடிக்க மாரித்தாயைக் கேட்டான். மாரித்தாய் அவன் பள்ளியில் சத்துணவு சமைத்தவள், ஐம்பத்தெட்டு வயது, வேலை ஓய்வு ஆகிவிட்டது. "என் மூஞ்சியையா சார் படம் புடிக்கப் போறிய? கேமரா வெடிச்சிராது?" என்று கேட்டுவிட்டு, ஒத்துக்கொண்டாள். எதிர்பாராத அதிர்ஷ்டம், அவளுக்கு நடிப்பு தண்ணீர் பட்ட பாடாக வந்தது. பெருக்கச் சொன்னால் பெருக்கினாள், கேமரா இருப்பதையே மறந்துவிட்டு. நான்கு வாரத்தில் ஏழு நிமிஷம் முடிந்தது. ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நோட்டில் 'குறை: இல்லை' என்று எழுதினான்.

மிச்சம் இருந்தது ஒரே ஒரு ஷாட். கடைசி ஷாட். அவள் கேட்டருகில் நின்று உள்ளே பார்த்து "போறேன்" என்று சொல்ல வேண்டும், திரும்பிப் பார்க்காமல் கேட்டைச் சாத்திக்கொண்டு போய்விட வேண்டும். காலை ஏழு மணி சுமாருக்கு வெயில் எதிர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி அந்தக் கேட்டின்மேல் விழும், பத்து நிமிஷம் நிற்கும், பிறகு வெளுத்துவிடும். அன்று சனிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாரித்தாய் திருப்பூருக்கு, மகள் வீட்டோடு இருந்துவிடப் போகிறாள். ஆக இரண்டு காலை, இருபது நிமிஷ வெயில். அதற்குள் கிடைக்காவிட்டால் இந்தப் படமும் இல்லை, வேறு ஆளும் இல்லை.

வெயில் விழுந்தது. "ஓடுது" என்றான்.

மாரித்தாய் கேட்டருகில் நின்றாள். வாயைத் திறந்தாள். "வாரேன்" என்றாள்.

"யக்கா, போறேன்னு சொல்லணும்."

"சரி சார்." மறுபடி நின்றாள். "வாரேன்."

"போறேன் யக்கா, போறேன்!"

மாரித்தாய் பையைக் கீழே வைத்தாள். "விளக்கு ஏத்துத வீட்டு வாசல்ல நின்னு எந்தப் பொம்பளையாவது போறேன்னு சொல்லுவாளா? அது சாவு வீட்டுச் சொல்லுல்லா?"

"இது நடிப்புதான யக்கா."

"நடிப்புன்னாலும் வாய் என் வாய்தான சார். நான் மாட்டேன்."

தலைகீழாக நின்று பார்த்தான், அவள் மசியவில்லை. வெயில் போய்க்கொண்டிருந்தது. சரி, சொல் எதுவாகவும் இருந்து தொலையட்டும் என்று இறங்கி வந்தான். "வாரேன்னே சொல்லுங்க. ஆனா சொல்லிட்டுத் திரும்பிப் பாக்கப்பிடாது. நேரே போயிரணும்."

"அவ்வளவுதான? செஞ்சிருவோம்."

செய்யவில்லை. "வாரேன்" என்றாள், கேட்டைத் தொட்டாள், திரும்பிப் பார்த்தாள். அடுத்த டேக், இரண்டு அடி கூடுதலாக எடுத்து வைத்தாள், கேட்டுக்கு வெளியே போய்த் திரும்பிப் பார்த்தாள். மூன்றாவது, நான்காவது, ஏழாவது. ஒவ்வொரு தடவையும் அந்தக் கழுத்து தானாகத் திரும்பியது. ஏழு நிமிஷப் படத்தில் ஒரு தப்புச் செய்யாத மனுஷி, இந்த ஒரு இடத்தில் வம்புக்கென்றே செய்வதுபோல் இருந்தது. ஒன்பதாவது டேக் முடியவும் வெயில் வெளுத்தது. தில்லைநாயகத்துக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது.

"எத்தன தடவ சொல்லுதேன்! திரும்பாதிய, திரும்பாதியன்னு! இது ஒண்ணு வராதா உங்களுக்கு?"

மாரித்தாயின் முகம் சுண்டிப் போயிற்று. மெல்லத்தான் சொன்னாள். "நீங்க ஒண்ணும் சொல்ல மாட்டேங்கியளே சார்."

"நான் என்னத்தச் சொல்ல?"

"வாரேன்னு சொன்னா, உள்ள இருக்கவுக சரி போயிட்டு வான்னு ஒரு வார்த்த சொல்லணும்லா. அது வராம கால் எப்படி நவளும்? கேட்டுச்சோ கேக்கலையோ, கோவமா இருக்காகளோன்னு திரும்பிப் பாக்கத்தான செய்வாக. நான் வேணும்னா பாக்கேன்? கழுத்து திரும்புது சார்."

அவன் கேமரா ஸ்டாண்டைக் கழற்றுவதில் மும்முரமாக இருப்பதுபோல் குனிந்துகொண்டான். "நாளைக்கு வாரேன் சார்" என்று அவள் சொன்னது காதில் விழுந்தது. திருகாணி இறுகியிருந்தது. அதைத் திருகிக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து நிமிர்ந்து பார்த்தால், மாரித்தாய் பையோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.

"போயிட்டு... போயிட்டு வாங்க" என்றான்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போனாள்.

தில்லைநாயகம் ஸ்டாண்டை அப்படியே போட்டுவிட்டு உள்ளே போனான். என்ன தேடுகிறோம் என்பது அவன் கைக்குத் தெரிந்திருந்தது. மூன்று வருஷத்துக்கு முந்தைய நோட்டை எடுத்தான். தேதி மறக்கிற தேதியா? விரல் கட்டத்தில் போய் நின்றது. எண் 1107. பொருள்: கொடியில் ஈர வேட்டி, பின்னால் காலை வெயில். வெளிச்சம்: மிக நன்று. குறை: வெளிச் சத்தம், நிழல்.

அவன் எதையும் அழிக்கிற ஆள் இல்லை. பழைய ஹார்ட் டிஸ்க்கில் 1107 இருந்தது. ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டான்.

திரை முழுக்க வெள்ளை வேட்டி. பின்னாலிருந்து வெயில் அதில் ஊறி இறங்குகிறது. ஒரு தவிட்டுக்குருவிக் கூட்டம் எங்கேயோ கத்துகிறது. பிறகு செருப்புச் சத்தம். வீட்டுக்கும் கேட்டுக்கும் நடுவில் நடந்து வருகிற ஒருத்தியின் நிழல் வேட்டியின்மேல் விழுந்தது. தோளில் கைப்பை, கையில் துணிப்பை, பின்னல் உட்பட எல்லாம் துல்லியமாக. நிழல் நின்றது. முகம் இந்தப் பக்கம் திரும்பியது.

"அத்தான், நான் வாரேன்."

"ஷ்ஷ். ஓடுதுல்லா."

அது அவன் குரல். அவ்வளவு எரிச்சலாகவா சொன்னோம் என்று அவனுக்கே திகைப்பாக இருந்தது.

நிழல் போகவில்லை. பை தரையில் வைக்கப்படுகிற சத்தம் கேட்டது. வளையல் ஒரு தடவை அசைந்தது. வேட்டி காற்றில் லேசாக ஆட, நிழலும் ஆடியது. குருவிகள் ஓய்ந்தன. பிறகு நிழல் குனிந்து பையை எடுத்தது. கேட் திறந்து மூடியது. அதற்கப்புறம் இரண்டு நிமிஷம் வெறும் வேட்டிதான் ஓடியது.

திரும்பப் போட்டு, அவன் குரலுக்கும் கேட் சத்தத்துக்கும் இடையில் எவ்வளவு என்று பார்த்தான். அந்தப் பழக்கம் அவனை விடாதே. பதினோரு விநாடி. சினிமாக்காரனுக்குப் பதினோரு விநாடி என்றால் என்ன என்று தெரியும். ஒரு வெற்றுச் சட்டகத்தை ஐந்து விநாடி காட்டினாலே பார்க்கிறவன் நெளிவான். கல்யாண வீட்டில் மூன்று முடிச்சும் போட அவ்வளவு நேரம்தான் ஆகும். பதினோரு விநாடி அவள் ஒரு வார்த்தைக்காகப் பையை இறக்கி வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். இவன் வேட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அன்று மாலை இதே ஷாட்டைப் போட்டுப் பார்த்து, பார்த்தும், அவளைக் குறை என்று கட்டத்தில் எழுதி வைத்தான்.

அவன் அழுதான். சத்தம் போட்டே அழுதான். கேட்க யாரும் இல்லாத வீட்டில் அது ஒரு வசதி.

உடனே போன் போட்டிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எடுத்தான். எண் அப்படியேதான் இருந்தது. ஆனால் இன்னொருத்தர் வீட்டில் காலைப் பலகாரம் பரிமாறிக்கொண்டிருக்கிற ஒருத்தியைக் கூப்பிட்டு, மூன்று வருஷம் கழித்து, போயிட்டு வா என்று சொல்லவா? போனைக் கவிழ்த்து வைத்தான். அந்த மட்டுக்கு அவனுக்குப் புத்தி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வெயில் சொன்ன நேரத்துக்கு வந்தது. மாரித்தாயும் வந்தாள். ஊருக்குக் கிளம்புகிற நாளென்று புதுச் சேலை கட்டி வந்தவள், படத்துக்காகப் பழையதுக்கு மாறிக்கொண்டு, பையோடு கேட்டருகில் போய் நின்றாள். "இன்னைக்கும் கழுத்து திரும்பிச்சின்னா ஏசாதிய சார்" என்றாள்.

"திரும்பாது யக்கா."

கேமரா ஓடியது. அவள் உள்ளே பார்த்து, "வாரேன்" என்றாள்.

கேமராவுக்குப் பின்னால் இருந்து தில்லைநாயகம், "சரி, போயிட்டு வா" என்றான்.

அந்த முகத்தில் ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை எந்தப் பயிற்சியும் கொடுக்காது. பையை இடுப்பில் ஏற்றினாள், கேட்டைச் சாத்தினாள், வெயிலுக்குள் நடந்து போனாள். கழுத்து திரும்பவில்லை. தெருமுனை வரை திரும்பவில்லை. ஒரே டேக்.

திரும்பி வந்தவள் முதலில் கேட்டது, "உங்க குரலும் விழுந்துட்டே சார்? வெட்டிருவியளா?"

"இல்ல யக்கா. அது இருக்கட்டும்."

புதுச் சேலைக்கு மாறிக்கொண்டு, காப்பி குடித்துவிட்டு அவள் கிளம்பினாள். இந்தத் தடவை நிஜமாக. கேட் வரை போய் நின்று, "அப்ப வாரேன் சார். வேளாவேளைக்குச் சாப்பிடுங்க" என்றாள். அவள் சொல்லி முடிப்பதற்குள், "போயிட்டு வாங்க யக்கா" என்றான். அவள் திரும்ப வர மாட்டாள் என்று அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

வீடு மறுபடி பழையபடி ஆனது. படம் முடிந்துவிட்டது என்று சொல்ல ஒரு ஆளைத் தேடினான், யாரும் நினைவுக்கு வரவில்லை. கிறிஸ்டி டீச்சரிடம் நாளைக்குக் காட்டலாம். நோட்டை எடுத்து அன்றைய ஷாட்டைப் பதிந்தான். எண், தேதி, பொருள், வெளிச்சம். குறை என்ற கட்டத்தில் ஒன்றும் எழுதாமல் மூடினான்.

பிறகு ஹெட்போனை மாட்டாமல், சத்தத்தை வீடு முழுக்கக் கேட்கும்படி வைத்து, 1107-ஐ ஓடவிட்டான். வேட்டி. குருவிகள். செருப்புச் சத்தம். நிழல் வந்து நின்றது.

"அத்தான், நான் வாரேன்."

"ஷ்ஷ். ஓடுதுல்லா."

பை தரையில் இறங்கியது. வளையல் அசைந்தது.

"சரி, சுகன்யா" என்றான் தில்லைநாயகம். "போயிட்டு வா."

சொல்லி முடித்த பிறகும் நான்கைந்து விநாடி மிச்சம் இருந்தது. நிழல் அங்கேயே நின்றது. பிறகு குனிந்து பையை எடுத்தது. கேட் மூடுகிற சத்தம் கேட்டது.